வீட்டிலேயே நெகட்டிவ் ஸ்கேன் செய்ய: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: அப்பா எடுத்த 35 மி.மீ. நெகட்டிவ்கள் ஏராளமாக இருக்கின்றன. ஸ்கேனர் வாங்க நினைக்கிறேன். ஒன்றில் 6400 டிபிஐ என்றும் இன்னொன்றில் 7200 டிபிஐ என்றும் போட்டிருக்கிறார்கள். பெரிய எண் உள்ளதைத்தான் வாங்க வேண்டுமா?

பதில்: அந்த எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகளைக் கருவி அளவெடுக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. அதன் லென்ஸ் அவ்வளவு நுணுக்கத்தையும் பிரித்துக் காட்டுமா என்பதைச் சொல்வதில்லை. 6400 என்று அச்சிடப்பட்ட பிளாட்பெட் ஸ்கேனர்கள் (தட்டையான கண்ணாடியின் மேல் வைத்து ஸ்கேன் செய்யும் வகை) பல, சோதித்துப் பார்க்கும்போது அதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. 35 மி.மீ. பிலிமில் ஒரு படத்தின் அளவு 36 × 24 மி.மீ. என்பதால், உண்மையான 2400 டிபிஐ கிடைத்தாலே சுமார் 7.7 மெகாபிக்சல் வரும். ஏறக்குறைய ஏ4 அளவில் தெளிவாக அச்சிட அது போதும். 4000 டிபிஐ என்றால் 21 மெகாபிக்சலைத் தாண்டும்.

உங்களிடம் இருப்பவை எல்லாம் 35 மி.மீ. என்றால், பிலிமுக்கென்றே செய்யப்பட்ட ஸ்கேனரைத்தான் பரிந்துரைப்பேன். பல மாடல்களில் ஒவ்வொரு படமாகக் கையால் நகர்த்த வேண்டியிருக்கும் என்றாலும், அந்தப் பொறுமைக்கு உரிய தெளிவு கிடைக்கும். 35 மி.மீ.யைவிட அகலமான 120 வகை பிலிமும் கலந்திருந்தால், மூடியிலும் விளக்குள்ள பிளாட்பெட் வகையை வாங்குங்கள். காகிதங்களை மட்டும் ஸ்கேன் செய்யும் சாதாரணக் கருவி இதற்கு உதவாது. ஒளி பிலிமை ஊடுருவி வந்தாக வேண்டும்.

டிபிஐ எண்ணைவிட நான் முதலில் பார்ப்பது அகச்சிவப்பு ஒளியால் தூசியை நீக்கும் வசதி இருக்கிறதா என்பதைத்தான். வண்ண பிலிமின் சாயங்கள் அகச்சிவப்பு ஒளியைத் தடுப்பதில்லை; தூசியும் கீறலும் தடுக்கின்றன. எனவே அவை எங்கே இருக்கின்றன என்று கருவி கண்டறிந்து, அந்த இடங்களைச் சுற்றியுள்ள பகுதியைக் கொண்டு நிரப்பிவிடுகிறது. கணினியில் உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியாக அழிக்கும் வேலையை இது பெருமளவு குறைக்கிறது. ஆனால் வழக்கமான கறுப்பு வெள்ளை பிலிமில் படமே வெள்ளியால் ஆனது. வெள்ளியும் அகச்சிவப்பைத் தடுப்பதால், படத்தையே கீறல் என்று எண்ணிக் கருவி சிதைத்துவிடும். அப்போது இந்த வசதியை மறக்காமல் அணைத்துவிடுங்கள்.

கேள்வி: வண்ண நெகட்டிவை ஸ்கேன் செய்து நிறங்களைத் திருப்பினால் படம் முழுக்க நீலம் படர்கிறது. பிலிம் கெட்டுவிட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. சாயங்களின் குறைகளை ஈடுகட்டுவதற்காக வண்ண நெகட்டிவில் ஓர் ஆரஞ்சு நிறத்தைத் தயாரிப்பின்போதே சேர்க்கிறார்கள். அதைக் கழிக்காமல் வெறுமனே நிறங்களைத் திருப்பினால் நீலம் மிஞ்சுகிறது. மென்பொருளில் ‘வண்ண நெகட்டிவ்’ என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். முன்னோட்டத்தில், பிலிமைப் பிடித்திருக்கும் சட்டமான ஹோல்டரின் கறுப்பு விளிம்பு சேராதபடி படத்துக்கு உள்ளேயே எல்லையை வரையுங்கள், ஏனெனில் அந்த விளிம்பும் தானியங்கிக் கணக்கைக் குழப்பும். மூலக் கோப்பை நிறத்துக்கு 16 பிட் வீதம் டிஃப் (TIFF) என்ற கோப்பு வடிவில் சேமித்தால், பின்னர் நிறத்தைத் திருத்தும்போது படம் தாங்கும். பகிர்வதற்கு அதிலிருந்து ஜேபெக் பிரதி எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஸ்கேன் செய்த படத்தில் வானவில் போன்ற வளையங்கள் தெரிகின்றனவே?

பதில்: பிலிமின் வழுவழுப்பான பக்கம் கண்ணாடியைத் தொடுவதால் வருபவை அவை, நியூட்டன் வளையங்கள் என்பார்கள். பிலிமை ஹோல்டரில் பொருத்தி, கண்ணாடியில் படாமல் வையுங்கள். சுருண்ட பிலிமைச் சில நாள் கனமான புத்தகங்களுக்கு இடையே, அதன் உறையுடனேயே வைத்துத் தட்டையாக்குங்கள்.

கேள்வி: சில நெகட்டிவ்களில் பூஞ்சை படிந்திருக்கிறது. தண்ணீரில் கழுவலாமா?

பதில்: தயவுசெய்து கழுவாதீர்கள். பிலிமில் படத்தைத் தாங்கும் பூச்சு ஜெலட்டினால் ஆனது; பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையக்கூடியதாக மாறிவிடலாம். அப்படியானால் படமே கரைந்து போகும். பருத்திக் கையுறை அணிந்து விளிம்பைப் பிடித்து, காற்றூதும் பம்பாலும் மென்மையான தூரிகையாலும் மேல்தூசியை மட்டும் அகற்றி, அப்படியே ஸ்கேன் செய்துவிடுங்கள். எஞ்சும் கறைகளைக் கணினியில் திருத்திக்கொள்ளலாம். அந்த நெகட்டிவ்களை மற்றவற்றிலிருந்து பிரித்து, ஈரம் அண்டாத இடத்தில் வையுங்கள்.