வெளிநோயாளர் பிரிவிலிருந்து வாட்டு வரை: திருநர், தன்பாலீர்ப்பு நோயாளர் பற்றி வன்னி ஊழியர் கேட்டவை

தாதிய உத்தியோகத்தர், கிளிநொச்சி: பயிற்சிக்கு இரண்டு மணித்தியாலம்தான் தந்திருக்கினம். எதில தொடங்க?

வரைவிலக்கணத்தில் வேண்டாம், கொட்டாவிதான் வரும். துண்டு எழுதும் இடத்தில் தொடங்குங்கோ. சிற்றூழியர், மருந்து கொடுப்பவர் எல்லாரும் இருக்க வேணும். டொக்டர்மாரை மட்டும் பயிற்றினால் நோயாளி வாசலோடு திரும்பிப் போயிடுவார். மூன்று மூன்று பேராகப் பிரியுங்கோ. ஒருவர் நோயாளி, ஒருவர் ஊழியர். மூன்றாமவர் வாய் திறக்காமல் ஊழியர் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் எழுத வேணும். ஐந்து நிமிடம் போதும். எழுதினதை வாசித்துவிட்டு அதே காட்சியைத் திருப்பிச் செய்யுங்கோ. "தம்பியோ தங்கச்சியோ?" என்று கேட்டவருக்கு அதைத் தாளில் பார்க்கும்போதுதான் உறைக்கும். திருநங்கை ஒருவரைக் கதைக்க அழைத்தால் அதற்குரிய கொடுப்பனவைக் கொடுங்கோ. சத்திரசிகிச்சை பற்றி ஒருவரும் கேட்கக் கூடாது என்று முதலே சொல்லி வையுங்கோ.

வெளிநோயாளர் பிரிவு, மாங்குளம்: அட்டையில் ஆண் பெயர், வந்தவர் சேலையோடு. எப்படிக் கூப்பிட?

இலக்கத்தைச் சொல்லுங்கோ, எல்லாருக்கும். உள்ளே வந்த பிறகு "உங்களை எப்படிக் கூப்பிடுறது?" என்று மெதுவாகக் கேட்கலாம். பதிவேட்டில் அட்டைப் பெயர் இருக்கட்டும். அதை மாற்ற 2016ஆம் ஆண்டுச் சுகாதார அமைச்சுச் சுற்றறிக்கையில் வழி இருக்கு: மனநல வைத்திய நிபுணரிடம் பாலின அங்கீகாரச் சான்றிதழ், அதைக் கொண்டு பிறப்புச் சான்றிதழ், பிறகு அடையாள அட்டை. காய்ச்சலுக்கு வந்தவரிடம் இதைக் கேட்க ஒரு தேவையுமில்லை.

குடும்பநல உத்தியோகத்தர், மல்லாவி: திருநம்பிக்கு (பிறப்பில் பெண் என்று பதிவான ஆணுக்கு) சுகவனிதையர் கிளினிக்கில் என்ன வேலை?

கருப்பைக் கழுத்து இருந்தால் 35 வயதில் செய்யும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனை அவருக்கும் உரியது. பெண்கள் வரிசையில் இருத்தாமல் கிளினிக் முடியும் நேரத்தில் வரச் சொல்லுங்கோ. டெஸ்டோஸ்டெரோன் என்ற ஆண் ஹோர்மோன் எடுப்பவருக்கு யோனியின் உட்தோல் மெலிந்து வறண்டிருக்கும். யோனியை விரித்துப் பார்க்கும் கருவியில் (ஸ்பெகுலம்) சிறியதைப் பாவியுங்கோ, அவசரப்படாதீங்கோ. மாதிரி போதாமல் திரும்பி வருவது இவர்களில் அதிகம். ஹோர்மோன் எடுப்பதை ஆய்வுகூடப் படிவத்தில் எழுதினால் வாசிப்பவர் குழம்பமாட்டார். மாதவிடாய் நின்றாலும் கரு தங்கலாம், கருத்தடை பற்றியும் கதையுங்கோ.

வைத்தியர், வவுனியா: குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசையைக் கடையில் வாங்கி இரண்டு மூன்றாகப் போடும் திருநங்கைக்கு?

ஏசினால் அடுத்தமுறை சொல்லமாட்டார். அதில் இருப்பது எதினைல்எஸ்ட்ரடையோல் என்ற செயற்கைப் பெண் ஹோர்மோன், இரத்தம் கட்டும் ஆபத்து கூட. புகைத்தல், ஒரு கால் வீக்கம், மூச்சுமுட்டல் மூன்றையும் கேளுங்கோ. உடலில் இயற்கையாகச் சுரக்கும் வகையான எஸ்ட்ரடையோலுக்கு மாற்ற நிபுணரிடம் அனுப்புங்கோ. ஆண் ஹோர்மோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலக்டோனும் எடுத்தால் பொட்டாசியம், இரத்த அழுத்தம் பார்க்க வேணும்.

தாதிய உத்தியோகத்தர், முல்லைத்தீவு: "மகனை மாத்தித் தாங்கோ" என்று தாய் தகப்பன் கூட்டி வந்தால்?

முதலில் மகனைத் தனியே பாருங்கோ. நித்திரை, சாப்பாடு, சாக வேணும் போல எண்ணம் வருதா என்று கேளுங்கோ. தன்பாலீர்ப்பை உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மாற்ற மருந்து இல்லை என்பதைப் பெற்றோருக்குச் சுற்றிவளைக்காமல் சொல்லலாம். மகன் சொன்னதை மட்டும் அவர் சம்மதமில்லாமல் சொல்லாதீங்கோ. கிளினிக் கொப்பியிலும் கவனம்: அது வீட்டு மேசையில் கிடக்கும், அயலட்டையும் வாசிக்கும். சிகிச்சைக்குத் தேவையானதை மட்டும் எழுதுங்கோ.