கடைசிப் பத்து நிமிடம்

அன்புள்ள ஐயா,

2025 மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியின் பத்து நிமிடத் தொகுப்பை மறுநாள் காலை பார்த்தேன். ரோரி மெக்கில்ராய் மூன்று நான்கு அடி தூரத்திலிருந்து பந்தைக் குழிக்குள் தள்ளுகிறார், முழங்காலில் விழுந்து குலுங்கி அழுகிறார். நானே போட்டுவிடுவேன் போன்ற தூரம். இந்த அழுகை எனக்கு மிகையாகப் பட்டது. பணக்காரர்களின் இந்த விளையாட்டை நான்கு நாள் உட்கார்ந்து பார்க்க முடியுமா? பார்ப்பதென்றால் எந்த நாளில் தொடங்க வேண்டும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பணக்காரர்களின் விளையாட்டுதான். அதை விடுங்கள்.

பத்து நிமிடம் பார்த்துவிட்டு ஒருவனுடைய அழுகையை அளக்கிறீர்களே, அதுதான் எரிச்சலாக இருக்கிறது. நீங்கள் பார்த்தது பிளேஆஃப், இருவர் சமநிலையில் முடித்தால் வெற்றியாளரைத் தீர்மானிக்கும் கூடுதல் ஆட்டம். சற்று முன்னால் அதே பதினெட்டாம் குழியில், ஏறக்குறைய அதே போன்ற தூரத்தில், போட்டால் பட்டம் என்ற பந்தை அவர் தவறவிட்டிருந்தார். இது உங்கள் தொகுப்பிலும் வந்திருக்கும், மூன்று நொடி. நேரலையில் பார்த்தவனுக்கு அந்த மூன்று நொடிக்குப் பின்னால் ஒரு நாள் முழுக்க இருக்கிறது. பந்தை அடிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்ட்ரோக், குறைவாக எடுப்பவரே வெல்வார். இரண்டு ஸ்ட்ரோக் முன்னிலையோடு கடைசி நாளுக்கு வந்தவர் முதல் குழியிலேயே டபுள் போகி போட்டு, அதாவது அந்தக் குழிக்கு வகுத்த கணக்கைவிட இரண்டு கூடுதலாக எடுத்து, அதை இழந்தார். பத்தாவது குழி முடிந்தபோது நான்கு ஸ்ட்ரோக் முன்னிலை. சரி, முடிந்தது என்று நினைத்தோம். பதின்மூன்றில், தண்ணீரை விட்டு விலகி எங்கே வேண்டுமானாலும் அடித்திருக்கலாம், பந்தை நேராக ஓடைக்குள் இறக்கினார். முன்னால் ஆடிக்கொண்டிருந்த ஜஸ்டின் ரோஸ் அன்று 66 ஸ்ட்ரோக்கில் முடித்து அவரோடு சமநிலைக்கு வந்தார்.

அதற்கும் பின்னால் 2011 இருக்கிறது. இதே மைதானம், இதே கடைசி நாள் ஞாயிறு. நான்கு ஸ்ட்ரோக் முன்னிலையில் இருந்த இருபத்தொரு வயதுப் பையன் அன்று 80 ஸ்ட்ரோக் எடுத்துவிட்டுத் தலைகுனிந்து போனான். அந்தப் பையன்தான் உங்கள் தொகுப்பில் அழுதவர். மற்ற மூன்று பெரிய போட்டிகளையும் 2014க்குள் வென்றுவிட்டார், இது ஒன்று மட்டும் வரவில்லை. இப்போது சொல்லுங்கள், மிகையா?

உங்களைத் திட்டுகிறேனே தவிர, இந்தத் தப்பை நான் உங்களைவிடப் பெரிதாகச் செய்திருக்கிறேன். 1999, ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டியில் ஓப்பன், அதுவும் அந்தப் பெரிய போட்டிகளில் ஒன்று. ழான் வான் டி வெல்ட் என்ற பிரெஞ்சுக்காரர் கடைசிக் குழிக்கு வருகிறார், மூன்று ஸ்ட்ரோக் முன்னிலை. டபுள் போகி போட்டால்கூடக் கோப்பை அவருக்குத்தான். தூக்கம் சொக்கியது. டிவியை அணைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் நண்பரிடம், “பார்த்தீர்களா, பிரெஞ்சுக்காரன் ஜெயித்துவிட்டான்” என்று ஆரம்பித்து, அவருடைய ஆட்டத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். நண்பர் நல்லவர், முழுக்கக் கேட்டார். அப்புறம் செய்தித்தாளை என் பக்கம் நகர்த்தினார். கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, வெறுங்காலோடு ஓடைத் தண்ணீரில் நிற்கிறார் என் வெற்றியாளர். அந்தக் குழிக்கு அவர் எடுத்தது ஏழு ஸ்ட்ரோக், டபுள் போகியைவிடவும் ஒன்று அதிகம். பிளேஆஃபில் வென்றது, கடைசி நாளைப் பத்து ஸ்ட்ரோக் பின்னால் தொடங்கிய பால் லாரி.

அந்தக் கடைசிக் குழியைப் பின்னர் எத்தனையோ முறை போட்டுப் பார்த்துவிட்டேன். பந்து பார்வையாளர் மேடையில் பட்டுத் திரும்புவதும் தெரியும், ஓடையில் விழுவதும் தெரியும். என்ன பயன்? விழப்போகிறது என்று தெரிந்தே பார்க்கிறேன். அன்று விழித்திருந்தவர்களுக்குத் தெரியாது.

மாஸ்டர்ஸ் நடக்கும் அகஸ்டா மைதானத்துக்குள் ரசிகர்கள் செல்போன் கொண்டுபோக முடியாது. மற்ற குழிகளில் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குச் சொல்வது, ஆட்கள் கையால் எண்ணை மாற்றும் பலகையும், மரங்களைத் தாண்டி வரும் கூச்சலும்தான். பழைய எண்ணை எடுத்துவிட்டுப் புதிய எண்ணை மாட்டும் வரை பலகையில் ஒரு காலிக் கட்டம் இருக்கும். அத்தனை பேரும் அந்தக் காலிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இதை எப்படி ஐயா தொகுப்பில் போடுவார்கள்?

எந்த நாள் என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். வெள்ளிக்கிழமை, நான்கு நாளில் இரண்டாவது. முன்னணியில் இருப்பவர்களை அன்று விட்டுவிடுங்கள். மாஸ்டர்ஸில் முதல் ஐம்பது இடங்களும் அந்த ஐம்பதாம் இடத்தைப் பகிர்பவர்களும் மட்டும்தான் சனிக்கிழமை ஆடலாம், மற்றவர்கள் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். பெயர்கூடக் கேள்விப்படாத ஒருவர் அந்தக் கோட்டின் மேல் நின்றபடி கடைசிக் குழிக்கு வருவார். அவருக்கும் ஒரு ஐந்தடி பாக்கி இருக்கும். அதைப் பாருங்கள்.