பாட்டும் பசியும்

வணக்கம் சார்,

நான் பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பள்ளியில் பாட்டு டீச்சர். பள்ளி விட்டு வந்தால் ஆறு மணியிலிருந்து எட்டு வரை வீட்டில் வகுப்பு. கேரளப் பள்ளிக் கலைப் போட்டியான கலோத்சவ சமயத்தில் ஒன்பதும் ஆகும். கணவருக்குக் கோயம்புத்தூரில் வேலை, வேலந்தாவளம் வழியாக வந்து சேர இரவாகிவிடும். ஒன்பது வயதில் ஒரு மகள். போன வாரம் வர்ணம் சொல்லிக்கொண்டிருந்தபோது அறை வாசலில் வந்து நின்று, "டீச்சர், பசிக்குது" என்றாள். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. இப்போது மேல் ஷட்ஜத்தில், அந்த உச்ச 'ஸ'வில், குரலும் உடைகிறது. அந்தக் காலத்து குருநாதர்கள் வீட்டையும் வித்தையையும் சேர்த்துத்தானே நடத்தினார்கள்? எனக்கு மட்டும் ஏன் முடியவில்லை?

ஒரு பாட்டு டீச்சர்

அன்புள்ள டீச்சருக்கு,

அவர்களால் முடிந்தது, ஏனென்றால் அடுப்படியில் ஒரு அம்மாள் இருந்தார். சிஷ்யர்களுக்கும் சேர்த்து வடித்துக் கொட்டியவரின் பெயரைக் கேட்டுப் பாருங்கள், யாருக்கும் தெரியாது. உங்கள் வீட்டில் குருவும் நீங்கள்தான், அந்த அம்மாளும் நீங்கள்தான். இதில் ஒப்பிட என்ன இருக்கிறது?

சிறுவயதில் கொல்லங்கோட்டில் நான் பாட்டு கற்றுக்கொண்ட டீச்சர் முருங்கைக் கீரை உருவிக்கொண்டே சொல்லிக்கொடுப்பார். மடியில் முறம், வலது கை கீரையில், இடது கை தொடையில் ஆதி தாளம். மாயாமாளவகௌளை ராகத்தில் ஆரம்பப் பாடமான சரளி வரிசை போய்க்கொண்டிருக்கும்போது தலை நிமிராமலே "காந்தாரம் தாழுது" என்பார், 'க' ஸ்வரம் சுருதிக்குக் கீழே போகிறது என்று. அவர் மகன் நடையில் ஜாமெட்ரி பாக்ஸோடு உட்கார்ந்திருப்பான். நாங்கள் எழுந்த பிறகுதான் அவனுக்குத் தட்டு வரும். பல வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். "இன்னைக்கும் அந்த ராகம் கேட்டா எனக்கு வயித்தைக் கிள்ளும்" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பாட்டு மட்டும் அவன் கற்றுக்கொள்ளவே இல்லை.

அதனால் முதலில் சோறு. வகுப்பை ஆறரைக்குத் தள்ளுங்கள், அதற்கு முன் நீங்களும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். பெற்றோர் முனகினால் முனகட்டும். உபஜில்லா, ஜில்லா, மாநிலம் என்று கலோத்சவம் இழுக்கும் மாதங்களில் வீட்டு வகுப்பைப் பாதியாக்குங்கள். கணவர் இரவில் வருகிறார், சரி. காலையில் தோசை வார்க்கலாமே?

அப்புறம் குரல். வகுப்பில் பிள்ளைகளோடு சேர்ந்து நீங்களும் முழுக் குரலில் பாடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பெண் பிள்ளைகளுக்கு ஐந்து கட்டை சுருதி, குரல் உடையும் வயதுப் பையன்களுக்கு அது எட்டாது. நடுவில் நீங்கள் நாள் முழுக்க ஏறி இறங்கினால் தொண்டை என்னாகும்? ஒரு வரியை ஒருமுறை பாடிக்காட்டுங்கள். அப்புறம் வாயை மூடித் தாளம் மட்டும் போடுங்கள். அவர்களோடு நீங்களும் பாடினால் அவர்கள் விடும் தப்பு உங்கள் காதிலேயே விழாது. இரண்டு மூன்று வாரத்தில் சரியாகாவிட்டால் தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். பெரிய கர்நாடக சங்கீதப் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதருக்கே நடுவில் குரல் போய்த் திரும்பியது. அது குருவாயூரப்பன் செய்தது என்பார்கள். நமக்கு டாக்டர்தான்.

மகளைப் பாட்டு வகுப்பில் உட்கார வைக்க வேண்டாம். அங்கே போனால் நீங்கள் மறுபடியும் டீச்சர். இரவில் அவளுக்குத் தலை பின்னும்போது, சுருதிப் பெட்டி எதுவும் இல்லாமல், உங்களுக்குப் பிடித்த எதையாவது பாடுங்கள். அவளும் கூடச் சேர்ந்துகொண்டு காந்தாரம் தாழ்ந்தால் திருத்தாதீர்கள்.