வண்டிப் பக்கம்: ரோட்டில் உப்பு, அடியில் கறள்

கேள்வி: ஐயா, என் மகன் போன வருடம் கனடாவுக்குப் போய் ஸ்காபரோவில் இருக்கிறான். ஒன்பது வருடம் ஓடிய கார் ஒன்று வாங்கியிருக்கிறான். ஸ்னோ கொட்டினால் ரோட்டில் உப்புப் போடுவார்களாம், அது காரைத் தின்றுவிடுமாம். வீடியோவில் காட்டினான், கார் முழுக்க வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. உப்பை ஏன் ரோட்டில் கொட்டுகிறார்கள்? காரை எப்படிக் காப்பாற்றுவது?
(ஒரு தாய், உப்புவெளி)

பதில்: உப்புவெளியிலிருந்து உப்பைப் பற்றிக் கேள்வி வந்தால் பதில் சொல்லாமல் விடலாமா அம்மா? நான் முதல் முறை உப்பு லொறியைப் பார்த்தபோது, ரோட்டிலா கருவாடு போடப் போகிறார்கள் என்று நினைத்தவன். அதற்குப் பிறகு பதினொரு குளிர்காலம் அங்கே ஒரு கராஜில் வேலை. தூக்கி வைத்த காருக்கு அடியில் நின்று, கறள் தூள் கண்ணில் கொட்டக் கொட்ட நட்டுக் கழற்றியதுதான் அதில் பாதி.

தண்ணீர் பூச்சியம் பாகையில் உறைந்துவிடும். உப்புக் கலந்த தண்ணீர் அதற்குக் கீழே போனாலும் உறையாது. ரோட்டில் பனிக்கட்டி ஒட்டிப் பிடிக்காமல் இருக்கத்தான் உப்பு. ஒன்ராறியோவில் ஹூரோன் ஏரிக்கு அடியிலேயே பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது. நாங்கள் கடலை வெயிலில் காயவைத்து எடுப்பதை அவர்கள் ஏரிக்குக் கீழே வெட்டி எடுக்கிறார்கள். மைனஸ் 10 பாகையைத் தாண்டிக் குளிர் இறங்கினால் சாதாரண உப்பு மந்தமாகிவிடும். அப்போது கல்சியம் குளோரைட் போன்றதையும் சேர்ப்பார்கள். அது பொல்லாதது. காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், காரில் பட்ட இடம் லேசில் காயாது.

இரும்பும் தண்ணீரும் காற்றும் சேர்ந்தாலே கறள் வரும். தண்ணீரில் உப்பு இருந்தால் அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், கறள் பிடிக்கும் வேலை பல மடங்கு வேகமாக நடக்கும். எல்லோரும் கண்ணுக்குத் தெரியும் கதவையும் பொனெட்டையும் பார்த்துக் கவலைப்படுகிறார்கள். பெயின்ட் இருக்கும்வரை அங்கே பெரிதாக ஒன்றும் நடக்காது. சில்லுக்கு மேலே உள்ள வளைவுக்குள், கதவின் கீழ் மடிப்புக்குள், சைலன்சரில், பிரேக் குழாயில்தான் உப்புச் சேறு போய்க் குந்தும்.

வெள்ளைக் கார் ஒன்று வரும். சொந்தக்காரர் நம்மவர்தான், வாரம் தவறாமல் மெழுகு போட்டு மினுக்குவார். ஒருநாள் பார்க்கிங்கில் பிரேக்கை மிதித்திருக்கிறார், கால் தரைவரை போய்விட்டது. மெதுவாக வந்ததால் முன்னால் இருந்த ஸ்னோக் குவியலில் முட்டி நின்றது. தூக்கிப் பார்த்தால், பென்சில் தடிப்பில் இருக்கும் இரும்புக் குழாய் கறளில் கரைந்து ஓட்டை. மேலே கல்யாண வீடு, கீழே உளுத்த மரம்! மகனிடம் முதலில் இதைத்தான் சொல்லுங்கள்: பழைய கார் என்பதால் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்துத் தூக்கி, பிரேக் குழாயைப் பார்க்கச் சொல்லட்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அடுத்தது கழுவுவது. குளிர் கொஞ்சம் விட்டு, பூச்சியத்துக்கு மேலே ஏறும் நாளில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது அடியில் தண்ணீர் பீச்சும் இடத்தில் கொண்டுபோய்க் கழுவட்டும். கழுவியதும் கதவு ரப்பரைத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் இரவில் உறைந்து காலையில் கதவு திறக்காது. ஒக்டோபர் மாதத்தில், உப்பு விழ முன்பே, அடியில் எண்ணெய் அடித்துவிடுவது நல்லது. வருடா வருடம் அடிக்க வேண்டும், இரண்டு மூன்று நாள் சொட்டும், வீட்டுக்காரர் ஏசுவார். பரவாயில்லை. தார் மாதிரித் தடிப்பாகப் பூசுவதை நான் பழைய காருக்குச் சொல்ல மாட்டேன். அது வெடித்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும், வெளியே ஒன்றும் தெரியாது.

இன்னொன்று, சூடான கராஜுக்குள் விட்டால் கார் பத்திரம் என்று நினைப்பார்கள். உப்புச் சேறோடு அப்படியே விட்டால் அது உருகி, ஈரமாகவே கிடந்து, வெளியே மைனஸ் 15 இல் நிற்கும் காரை விட வேகமாகக் கறள் பிடிக்கும். கடுங்குளிரில் கறளுக்கும் சோம்பல்தான். ஆனால் பற்றரி குளிரில் பலம் இழந்துவிடும், அதையும் ஒருமுறை சோதிக்கட்டும்.

கேள்வி: இங்கே ஸ்னோவும் இல்லை, ரோட்டில் உப்பும் இல்லை. என் வான் வாங்கி ஐந்து வருடம், தினமும் கழுவுகிறேன், ஆனாலும் கூரை ஓரமெல்லாம் கறள். ஏன்?
(கடற்கரை வீட்டுக்காரர், நிலாவெளி)

பதில்: உங்களுக்கு உப்பு லொறி தேவையில்லை, வாடைக்காற்றே கொண்டுவந்து கொட்டுகிறதே. அங்கே உப்பு கீழேயிருந்து வரும், இங்கே மேலேயிருந்தும் பக்கவாட்டிலும் வரும். அதனால்தான் கூரை ஓரம், கண்ணாடிச் சட்டம், வைப்பர் கை. மீன் ஏற்றும் வான் என்றால் இரண்டும் சேரும், ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் தகட்டின் மூட்டுக்குள் இறங்கும்.

தினமும் கழுவுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தத் தண்ணீரில்? கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். உவர் என்றால் நீங்கள் உப்பைக் கழுவவில்லை, பூசுகிறீர்கள். குழாய்த் தண்ணீர் அல்லது மழைத் தண்ணீரில் வாரம் ஒருமுறை கழுவினால் போதும். ஈரம் காயாமல் தார்ப்பாய் போட்டு மூட வேண்டாம்.

கேள்வி: அண்ணா, ஜப்பானிலிருந்து வந்த கார் ஒன்று பார்த்திருக்கிறேன். ஸ்னோ ஊரில் ஓடியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
(சீனக்குடா)

பதில்: நல்ல கேள்வி தம்பி. ஹொக்கைடோவிலும் ஜப்பானின் மேற்குக் கரையிலும் ஸ்னோ கடுமை, அங்கேயும் ரோட்டுக்கு உப்புப் போடுகிறார்கள். ஜப்பானில் ஏலம் விடும்போது காரைச் சோதித்து எழுதும் ஏலத் தாளைக் கேளுங்கள். அதில் உள்ள கார் படத்தில் எஸ் என்ற எழுத்து இருந்தால் கறள், சி என்றால் அதைவிட மோசமாக அரித்தது. தாள் இல்லை என்று இழுத்தால், கால் மிதியைத் தூக்கி சீட்டைப் பிடிக்கும் போல்ட்டுகளைப் பாருங்கள். பிறகு காரைத் தூக்கி அடியைப் பாருங்கள். பழைய காருக்கு அடியில் மட்டும் புதுக் கறுப்புப் பூச்சு பளபளத்தால், ஒரு ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பார்க்க விடுவாரா என்று விற்பவரைக் கேளுங்கள். விட மாட்டேன் என்றால் தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.