எடையோடு இடுப்பும் கூடுகிறதே!

கேள்வி: வயது 26. ஆறு மாதமாக ஜிம்முக்குப் போகிறேன். தசை வளரட்டும் என்று மூன்று மாதமாகத் தினமும் 700 கலோரி வரை கூடுதலாகச் சாப்பிட்டேன். 64 கிலோவிலிருந்து 70 ஆகிவிட்டேன். இடுப்பு 6 செ.மீ. பெருத்துவிட்டது, கை அப்படியே இருக்கிறது. சாப்பாட்டைக் குறைத்தால் வந்த தசையும் போய்விடுமா?

பதில்: போகாது. புரதத்தையும் தூக்கும் பளுவையும் குறைக்காத வரை பயம் வேண்டாம்.

ஒரு வாரத்தில் உடம்பால் இவ்வளவு தசைதான் கட்ட முடியும் என்று ஓர் எல்லை உண்டு. அதற்குமேல் சாப்பிடுவது கொழுப்பாகத்தான் சேரும். நீங்கள் வாரத்துக்கு ஏறக்குறைய அரைக் கிலோ ஏறியிருக்கிறீர்கள். இப்போதுள்ள எடைக்கு வாரம் 175 கிராமே போதும். 350 கிராமைத் தாண்ட வேண்டாம்.

முதல் இரண்டு வாரம் எடையை ஏற்றாமல், இறக்காமல் வைத்திருங்கள். தினமும் காலையில் கழிப்பறை போய்வந்ததும், தண்ணீர்கூடக் குடிக்காமல் எடை பாருங்கள். ஒருநாள் எண்ணை நம்பாதீர்கள். ஏழு நாள் சராசரியைத்தான் ஒப்பிட வேண்டும். இரண்டு வாரச் சராசரியும் ஒன்றாக நின்றால், அப்போது சாப்பிட்ட அளவே உங்கள் அடிப்படைக் கலோரி. அதோடு 200 அல்லது 250 மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சேர்த்த முதல் வாரத்தில் எடை சட்டென்று கூடலாம். தசையில் மாவுச்சத்தும் அதோடு தண்ணீரும் தங்குவதால் வருவது அது. பளுப் பயிற்சி செய்பவர்கள் எடுக்கும் கிரியேட்டின் என்ற துணைச்சத்துப் பொடியைத் தினம் 3 முதல் 5 கிராம் எடுத்தாலும் இப்படித்தான். அதனால் கூடுதலைத் தொடங்கிய மூன்றாம் வாரத்திலிருந்து கணக்குப் பாருங்கள். இரண்டு வாரம் சராசரி அசையவில்லையா, 100 கலோரி கூட்டுங்கள். வாரத்துக்கு 350 கிராமுக்கு மேல் ஏறுகிறதா, 100 குறையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மூச்சை இயல்பாக விட்டபின், தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து குறித்துவையுங்கள்.

அடிப்படை 2,400 என்று வைத்துக்கொண்டால், 2,650 கலோரியில் புரதம் 130 கிராம், கொழுப்பு 60 கிராம், மீதி மாவுச்சத்து, சுமார் 400 கிராம். புரதத்தை நான்கு வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

பெரும்பாலும் கணக்கு தவறுவது எண்ணெயில்தான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 120 கலோரி. அளக்காமல் இரண்டு கரண்டி ஊற்றினால் உங்கள் முழுக் கூடுதலும் அதிலேயே முடிந்துவிடும்.

கை வளராததற்கு உணவைவிடப் பயிற்சியையே நான் சந்தேகிப்பேன். மூன்று மாதத்துக்கு முன் தூக்கிய அதே பளுவைத்தான் இன்றும் தூக்குகிறீர்களா? அப்படியானால் எவ்வளவு சாப்பிட்டாலும் தசை வளரக் காரணமே இல்லை. ஒவ்வொரு தசைக்கும் வாரம் 10 முதல் 15 செட் (இடைவிடாமல் தூக்கும் ஒரு சுற்றுதான் ஒரு செட்), இரண்டு நாளாகப் பிரித்துச் செய்யுங்கள். ஒவ்வொரு செட்டையும் இன்னும் ஒன்றிரண்டு முறைதான் தூக்க முடியும் என்ற நிலையில் நிறுத்துங்கள். எல்லா செட்டிலும் 12 முறை வந்துவிட்டால், அடுத்த தடவை ஜிம்மில் உள்ள மிகச்சிறிய எடைத் தட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதுங்கள். ஏழு மணி நேரத் தூக்கத்தில் கைவைக்காதீர்கள்.

கூடிய 6 செ.மீ. உறுத்தினால், மேலே சொன்ன கூடுதலைத் தொடங்கும் முன் ஆறு முதல் எட்டு வாரம் அடிப்படையிலிருந்து 300 கலோரி குறைத்துச் சாப்பிடலாம். அந்த நாட்களிலும் புரதம் 130 கிராம்தான், பளுவும் அதேதான்.