சீட்டு ஐந்து பேருடையது, பரிசு உங்கள் பெயரில்

கேள்வி: பொள்ளாச்சியில் தென்னைநார் ஆலையில் வேலை செய்கிறேன். மாதம் 20,000 ரூபாய் சம்பளம். நாங்கள் ஐந்து பேர் பதினைந்து வருடமாகப் பாலக்காடு போய் கேரள லாட்டரி எடுக்கிறோம். 2025 தொடக்கத்தில் புத்தாண்டு பம்பரில் எங்கள் சீட்டுக்கு ஒரு கோடி விழுந்தது. என் பெயரில் கொடுத்து வாங்கினோம். கைக்கு வந்தது 63 லட்சம். மூன்று பேருக்குத் தலா 12.6 லட்சம் அனுப்பிவிட்டேன். நான்காவது நண்பர் அந்த மாதம் தன் பங்கு 80 ரூபாயைத் தரவே இல்லை. அவருக்குக் கொடுக்கவில்லை, பணம் பேங்க்கில் அப்படியே இருக்கிறது. அவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். இதற்கிடையில் வருமான வரித்துறையிலிருந்து, எனக்கு 90 லட்சம் வருமானம் என்றும் கணக்குத் தாக்கல் செய்யவில்லை என்றும் மின்னஞ்சல். பணம் வாங்கிய மூன்று பேரும் "உன் பெயரில்தானே வந்தது, நீயே பார்த்துக்கொள்" என்கிறார்கள். குலுக்கலுக்கு முதல் நாளே சீட்டைப் படம் எடுத்து "நம்ம அஞ்சு பேர் சீட்டு" என்று வாட்ஸ்அப்பில் போட்ட என் நேர்மைக்கு இதுவா பலன்? பதினைந்து வருடம் தோற்ற பணத்தைக் கழிக்க முடியாதா? ஏழைக்கும் 30 சதவீதம் என்பது நியாயமா?

பதில்: உங்கள் கடிதம் ஆறு பக்கம், மேலே இருப்பது அதன் சுருக்கம். அதில் ஐந்தரைப் பக்கம் நண்பர்களின் துரோகம். உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீதிமன்றத்திலும் வரி அலுவலகத்திலும் எடுபடப்போவது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரே ஒரு வரிதான்: குலுக்கலுக்கு முதல் நாள் வாட்ஸ்அப்பில் போட்ட அந்தப் படம்.

அதை உங்கள் நேர்மைக்குச் சான்றாக எழுதியிருக்கிறீர்கள். நான்காவது நண்பரின் வக்கீல் கையில் அது கிடைத்தால், அதுதான் அவருடைய முதல் ஆவணம். "அஞ்சு பேர்" என்று எழுதியது நீங்கள். எண்பது ரூபாய் வரவில்லை என்பது, அவர் உங்களுக்கு எண்பது ரூபாய் கடன் என்று மட்டுமே ஆகும், பங்கு இல்லை என்று ஆகிவிடாது. கடந்த சில வருடங்களில் ஒருவர் பங்கை இன்னொருவர் போட்டு அடுத்த மாதம் வாங்கிக்கொண்டது எத்தனை முறை என்று உங்கள் ஜிபே கணக்கே சொல்லும்.

உள்ளூரில் யாரோ உங்களிடம், சூதாட்ட ஒப்பந்தம் செல்லாது, ஒப்பந்தச் சட்டம் 30-வது பிரிவின்படி அவரால் வழக்கே போட முடியாது என்று சொல்லியிருக்கிறார்கள். அதை நம்பி நோட்டீஸுக்குப் பதில் எழுதாதீர்கள். அவர் உங்களோடு பந்தயம் கட்டவில்லை. தன் பங்கையும் சேர்த்து நீங்கள் வாங்கி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். அது வேறு வழக்கு. சீட்டு எடுத்ததே குற்றமோ என்றும் பயப்பட வேண்டாம். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரி விற்பனைக்குத் தடை. நீங்கள் எடுத்தது பாலக்காட்டில்.

நியாயத்தைப் பற்றி ஒரு பத்தியில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அது உங்கள் வரி பாக்கியில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்காது. உங்கள் பரிசுக்குப் பொருந்துவது 1961 வருமான வரிச் சட்டம். அதில் லாட்டரிப் பரிசுக்கு 115பிபி பிரிவில் நேராக 30 சதவீதம். அடிப்படை விலக்கு வரம்பு கிடையாது. 58(4) பிரிவு, ஜெயிக்கச் செலவழித்த எதையும் கழிக்க விடாது. தோற்ற சீட்டுகளை மூட்டை கட்டிக் கொண்டுபோனாலும் பயனில்லை. அதே பிரிவு, பந்தயக் குதிரை வளர்ப்பவர் தீவனச் செலவைக் கழித்துக்கொள்ள மட்டும் விதிவிலக்கு தருகிறது. குதிரை வைத்திருப்பவருக்குச் செலவு உண்டு, நானூறு ரூபாயை ஐந்தாகப் பிரித்துச் சீட்டு எடுத்தவருக்கு இல்லை. இது நியாயமில்லை என்பதே என் கருத்து. அதை மாற்ற வேண்டியது நாடாளுமன்றம். உங்கள் பதில் மனுவில் அதற்கு இடமில்லை.

இப்போது கணக்கு. ஒரு கோடியில் ஏஜென்ட் கமிஷன் பத்து சதவீதம் போக 90 லட்சம். டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வரி, 27 லட்சம். வரி அதோடு முடிந்தது என்று நினைத்துத்தான் நீங்கள் கணக்குத் தாக்கல் செய்யவில்லை. லாட்டரி ஜெயித்த பலரும் விழுகிற குழி இது. டிடிஎஸ் பிடிக்கும்போது 30 மட்டுமே பிடிக்கிறார்கள். வருமானம் 50 லட்சம் தாண்டினால் அந்த வரியின்மேல் 10 சதவீதம் சர்சார்ஜ் என்ற கூடுதல் வரி, 2,70,000. இரண்டையும் சேர்த்த தொகைக்கு 4 சதவீதம் செஸ் என்ற மேல்வரி, 1,18,800. ஆக, பரிசு கைக்கு வந்த அன்றே உங்கள் பெயரில் 3,88,800 ரூபாய் பாக்கி இருந்தது. அதை எடுத்து வைக்காமல் 63 லட்சத்தையும் ஐந்தாகப் பிரித்துவிட்டீர்கள்.

பரிசைக் கேட்டு விண்ணப்பித்த அன்றே ஐவரும் சேர்ந்து எடுத்த சீட்டு என்று கூட்டு உறுதிமொழி எழுதிக் கொடுத்து, ஐந்து பான் எண்ணிலும் வரவு வைக்கச் சொல்லியிருந்தால் ஆளுக்கு 18 லட்சம்தான் வருமானம். சர்சார்ஜ் யாருக்கும் வராது. ஆளுக்கு 21,600 செஸ்ஸோடு முடிந்திருக்கும். மொத்தம் 2,80,800 மிச்சம். அந்த மிச்சத்தை மூன்று வகையில் துரத்திக்கொண்டு ஓடுவதில்தான் என்னிடம் வழக்கோடு வந்தவர்கள் கெட்டுப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

முதல் வகை, பழைய தேதி போட்ட ஒப்பந்தம். "ஐந்து பேர் பங்கு" என்று குலுக்கலுக்கு முந்தைய தேதியில் முத்திரைத்தாள் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வருவார்கள். முத்திரைத்தாளின் வரிசை எண்ணும் விற்ற தேதியும் விற்பனையாளரின் பதிவேட்டில் இருக்கிறது. வரி பாக்கி பணத்தோடு முடியும். பொய் ஆவணம் கிரிமினல் வழக்கில் முடியும். தாள் சரியாகவே இருந்தாலும் அதிகாரி அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. 1995-ல் சுமதி தயாள் வழக்கில், குதிரைப் பந்தயத்தில் ஜாக்பாட் அடித்த பணம் என்று சொன்னவரிடம் ரேஸ் கிளப் சான்றிதழ்கள் இருந்தன. சீட்டு வாங்கப் பணம் எடுத்ததற்குக் கணக்கில் தடமே இல்லை, இத்தனை ஜாக்பாட் ஒருவருக்கே விழுவது நடக்கக்கூடியதா என்று பார்த்து, பணம் அப்படி வந்ததல்ல என்ற முடிவையே உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. உங்களுக்கு அந்தத் தடம் இருக்கிறது: வாட்ஸ்அப் படம், குலுக்கலுக்கு முன் மூன்று பேர் ஜிபேயில் போட்ட எண்பது எண்பது ரூபாய். உண்மையான சான்று கையில் இருக்கும்போது பொய்யான தாளை அதன் பக்கத்தில் வைத்தால் உண்மையையும் நம்ப மாட்டார்கள்.

இரண்டாவது வகை, இதைவிட மோசம். இரண்டு இடத்தில் இரண்டு கதை. நான்காவது நண்பருக்கு எழுதும் பதிலில் "சீட்டு என்னுடையது, மற்றவர்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தேன்" என்று எழுதச் சொல்வார்கள். வரி அலுவலகத்தில் "ஐந்து பேருடையது, என் பங்கு 18 லட்சம்தான்" என்பீர்கள். வக்கீல் நோட்டீஸுக்கு நீங்கள் கையெழுத்திட்ட பதில் உங்களுக்கு எதிரான ஆவணம். அன்பளிப்பு என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு சொல்லுக்காக, பணம் வாங்கிய மூன்று பேர் மீதும் வரி பாயும். உறவினர் அல்லாதவரிடமிருந்து வருடத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் சும்மா வந்த பணம் முழுவதும் வாங்கியவருடைய வருமானம், 56(2)(எக்ஸ்) பிரிவு. ஏற்கெனவே 30 சதவீதம் கட்டிய பணத்துக்கு 12.6 லட்சத்தின் மேல் மறுபடியும் வரி. அவர்கள் பங்கு தொடக்கத்திலிருந்தே அவர்களுடையது என்று காட்ட முடிந்தால்தான் அவர்களுக்குத் தற்காப்பு. அந்தத் தற்காப்பை உடைக்கும் வாக்கியத்தை நீங்களே எழுதக் கூடாது.

மூன்றாவது, இப்போது போய் 18 லட்சம் மட்டும் காட்டுவது. சட்டப்படி துல்லியமான வழி ஐவரும் தனித்தனியே காட்டுவதுதான், மறுக்கவில்லை. ஆனால் 27 லட்சம் டிடிஎஸ் முழுவதும் உங்கள் பான் எண்ணில் பதிவாகியிருக்கிறது. லாட்டரித் துறை தன் டிடிஎஸ் கணக்கைத் திருத்தி நண்பர்கள் பெயருக்கு மாற்றித் தந்தால்தான் அவர்கள் அதைக் கோர முடியும். திருத்தம் வருவதற்குள் உங்களுக்கு 72 லட்சம் மறைத்ததாகக் கேள்வி வரும், அவர்களுக்கு ஆளுக்கு 5.4 லட்சம் பாக்கி என்று டிமாண்ட் வரும். 2.8 லட்சத்துக்காக ஐந்து பேர் ஐந்து வழக்கு நடத்துவீர்கள்.

ஆகவே என் ஆலோசனை: வரியை முழுவதும் உங்கள் பெயரில் கட்டிவிடுங்கள். உங்களுக்கு வந்திருப்பது நினைவூட்டும் மின்னஞ்சல்தான், மதிப்பீட்டு நோட்டீஸ் இல்லை. தாமதத் தாக்கலுக்கான கெடு 2025 டிசம்பர் 31-ஓடு போய்விட்டது. மிச்சமிருப்பது ஐடிஆர்-யூ, கெடு போன பிறகும் தாக்கல் செய்ய விடும் கணக்குப் படிவம். 2027 மார்ச் 31-க்குள் என்றால் வரியும் வட்டியும் சேர்ந்த தொகையின்மேல் 25 சதவீதம் கூடுதல். அதைத் தாண்டினால் 50. நடுவில் மதிப்பீட்டு நடவடிக்கை தொடங்கிவிட்டால் இந்தக் கதவும் மூடிவிடலாம், அபராதப் பேச்சும் தொடங்கும். சீக்கிரம் செய்தால் எல்லாம் சேர்த்து ஆறு லட்சத்தை ஒட்டி முடியும். ஐந்தாகப் பிரித்தால் தலைக்கு ஒன்றேகால் லட்சத்துக்குள். லாட்டரி வருமானத்துக்கு ஐடிஆர்-1 செல்லாது, ஐடிஆர்-2 என்று ஆடிட்டரிடம் சொல்லுங்கள். பங்கு பிரித்ததைப் பற்றி யாராவது கேட்டால், எல்லா இடத்திலும் ஒரே உண்மை: ஐவருக்காக என் பெயரில் வாங்கினேன், முழு வரியும் கட்டினேன், மீதியைப் பிரித்தேன்.

நான்காவது நண்பரின் பங்கைக் கொடுத்துவிடுங்கள். கோபம் நியாயமாகவே இருக்கலாம். ஆனாலும் கொடுங்கள். 12.6 லட்சத்திலிருந்து அவர் பங்கு வரியையும் அந்த எண்பது ரூபாயையும் கழித்து, மீதியை பேங்க் வழியாக அனுப்புங்கள். ரொக்கமாக வேண்டாம். அவரும் மற்ற மூவரும் கையெழுத்திடும் ஒரே சமரசப் பத்திரம் போதும்: சீட்டு ஐவரும் சேர்ந்து எடுத்தது, வரிச்சுமை ஐவருக்கும் சமம், இனி ஒருவர்மேல் ஒருவருக்குக் கோரிக்கை இல்லை. தேதி, கையெழுத்திடும் அன்றைய தேதி. மூவரும் வரியில் பங்கு தர மறுத்தால், அன்பளிப்பு வரியிலிருந்து அவர்களைக் காப்பது உங்கள் வாக்குமூலம்தான் என்று அமைதியாகச் சொல்லுங்கள். 12.6 லட்சத்துக்கு வரியா, ஒன்றேகால் லட்சமா என்று அவர்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

வக்கீல் நோட்டீஸில் கொடுத்த கெடு முடிவதற்குள், "சமரசம் பேசத் தயார்" என்று மட்டும் இரண்டு வரியில் பதில் அனுப்புங்கள். எண்பது ரூபாயைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட வேண்டாம். வாட்ஸ்அப் குழுவிலிருந்து எதையும் அழிக்காதீர்கள். போனை மாற்றுவதாக இருந்தால், அந்த உரையாடலை முழுவதும் சேமித்து எடுத்து வைத்துவிட்டு மாற்றுங்கள்.