டர்போ பாவம், ஹோஸைப் பாருங்கள்

1991 மாடல் நிசான் 300இசட்எக்ஸ் ட்வின் டர்போ வாங்கியிருக்கிறேன். மெதுவாக ஓட்டினால் எந்தக் குறையும் இல்லை. மூன்றாவது கியரில் முழுசாக மிதித்தால் 3,500 ஆர்.பி.எம். தாண்டியதும் உதறுகிறது, பின்னால் கறுப்புப் புகை. பிளக், ஆக்ஸிஜன் சென்சார், ஏர்ஃப்ளோ மீட்டர் மூன்றும் மாற்றியாகிவிட்டது. "ரெண்டு டர்போவும் போச்சு" என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

மாற்றுவதற்கு முன் அவரிடம் ஒன்று கேளுங்கள்: "எதை வெச்சுண்ணே சொல்றீங்க?" அந்த காரில் டர்போவை மாற்ற வேண்டுமென்றால் பெரும்பாலும் இன்ஜினையே இறக்க வேண்டிவரும். அவ்வளவு பெரிய வேலையில் இறங்க "எனக்கு அப்படித்தான் தோணுது" என்ற பதில் போதாது.

நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. கறுப்புப் புகை என்றால் காற்றுக்கு மேல் பெட்ரோல் போகிறது என்று அர்த்தம். உங்கள் காரில் உள்ளே வரும் காற்றை அளப்பது ஏர் கிளீனரை அடுத்து இருக்கும் ஹாட் ஒயர் மீட்டர், அதாவது நீங்கள் மாற்றிய அந்த ஏர்ஃப்ளோ மீட்டர். அது சொல்லும் கணக்கை நம்பித்தான் கம்ப்யூட்டர் பெட்ரோல் விடுகிறது. காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவைத் தாண்டி எங்காவது ஒரு ஹோஸ் வாயைப் பிளந்திருந்தால், அளந்த காற்றில் ஒரு பங்கு வெளியே போய்விடும். பெட்ரோல் மட்டும் குறையாமல் வந்து சேரும். மெதுவாக ஓட்டும்போது அந்தக் குழாய்களில் அழுத்தம் கிடையாது, அதனால் கசிவும் தெரியாது. மிதித்தால்தான் வண்டவாளம் வெளியே வரும்.

கண்ணால் பார்த்துவிட்டு "எல்லா ஹோஸும் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லாதீர்கள். சமீபத்தில் என்னிடம் வந்த ஒரு காரில் டர்போவில் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் வளைவு ஹோஸ் மேலே பளபளவென்று இருந்தது. அடியில் கையை விட்டுத் தடவினால் எண்ணெய்ப் பிசுக்கு. கழற்றித் திருப்பிப் பார்த்தபோதும் ஒன்றுமில்லை. இரண்டு கையாலும் மடக்கியபோதுதான் கிளாம்ப் உட்காரும் இடத்தை ஒட்டி விரல் நீளத்துக்கு ஒரு கீறல் மெல்லத் திறந்தது. கையை எடுத்தால் மறுபடி மூடிக்கொண்டது. இதை எந்த ஸ்கேனரும் சொல்லாது.

ஆகவே காற்றடித்துப் பாருங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு ஏர்ஃப்ளோ மீட்டரைக் கழற்றுங்கள். அது இருந்த இடத்தில் டயர் வால்வு பொருத்திய ஒரு அடைப்பானைப் போட்டுக் கிளாம்பை இறுக்குங்கள். இரண்டு டர்போவுக்கும் காற்று அந்த ஒரே வழியாகத்தான் போகிறது என்பதால் ஒரு தடவையிலேயே முழுப் பாதையும் சோதனையாகிவிடும். ரெகுலேட்டர் வைத்த கம்ப்ரஸரில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி 0.7 பார், அதாவது சுமார் 10 பி.எஸ்.ஐ. வரை போகலாம்; அதற்கு மேல் வேண்டாம். அடைப்பானுக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு நிற்கவும் வேண்டாம், பிடுங்கிக்கொண்டு வந்தால் பல் போகும். அப்புறம் சோப்புத் தண்ணீரை எல்லா இணைப்பிலும் தெளியுங்கள். நுரை எங்கே பொங்குகிறதோ அங்கேதான் உங்கள் பணம் போய்க்கொண்டிருந்தது.

இரண்டு இடங்களில் ஏமாறாதீர்கள். சைலன்ஸர் வழியாகக் காற்று வரும் சத்தம் கேட்டால், ஏதோ ஒரு சிலிண்டரில் இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் ஒரே நேரத்தில் கொஞ்சம் திறந்திருக்கலாம். கிராங்க்கைச் சற்றே திருப்பிவிட்டு மறுபடி பாருங்கள். ஆயில் ஊற்றும் வாய் வழியாகப் பலமாக வந்தால் முதலில் கிராங்க்கேஸில் (இன்ஜினின் அடிப்பெட்டியில்) சேரும் வாயுவை இன்டேக்குக்கு விடும் பி.சி.வி. வால்வைச் சந்தேகப்படுங்கள். பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், ஏறும்போது மூட வேண்டிய வால்வு அது.

கசிவே இல்லையா? சரி, அடுத்து ஸ்பார்க். அழுத்தம் கூடக் கூட, பிளக்கின் இடைவெளியைத் தாண்ட மின்பொறிக்கு அதிக வோல்டேஜ் வேண்டும். புது பிளக் போட்டவர் இடைவெளியை அளந்தாரா என்று கேளுங்கள். 1 மி.மீ.க்கு மேல் இருந்தால் 0.8க்குக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். இந்த மாடலின் ஆரம்பகால கார்களில் காயில்களை இயக்கும் பவர் டிரான்ஸிஸ்டர் யூனிட் இன்ஜினின் முன்பக்கச் சூட்டிலேயே வெந்து கெடும். கம்ப்யூட்டரில் எரர் கோடு எதுவும் காட்டாமலும் கெடும். இன்ஜெக்டர்களின் ரெசிஸ்டன்ஸையும் மீட்டர் வைத்து அளந்துவிடுங்கள். 10 முதல் 14 ஓம் வரை இருக்க வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய இன்ஜெக்டர்களின் உள் சுருளைத் தின்றுவிடுகிறது.

இவ்வளவும் தேறின பிறகு டர்போவுக்கு வரலாம்.

நான்கு சிலிண்டர் பழைய டர்போ கார். இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் நின்றுவிட்டுக் கிளம்பினால் நீலப் புகை மண்டுகிறது. புது டர்போ போட்டும் அப்படியேதான் இருக்கிறது. புது டர்போவே மட்டமா?

இருக்காது. டர்போவுக்குள் இருக்கும் சீல் நீங்கள் நினைக்கிற மாதிரி ரப்பர் சீல் இல்லை. பிஸ்டன் ரிங் போன்ற ஒரு மெல்லிய வளையம். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் ஷாஃப்டில் ரப்பர் நிற்காது. ஆயில் உள்ளே வந்த வேகத்தில் கீழே இறங்கிப் போனால்தான் அந்த வளையம் தன் வேலையைச் செய்யும். பாத்திரம் கழுவும் தொட்டியில் அடைப்பு வந்தால் தண்ணீர் தேங்கி நிற்குமே, அதே கதைதான். இறங்க வழியில்லாத ஆயில் பக்கவாட்டில் ஒழுகி எக்ஸாஸ்டுக்குள் போய்ப் புகைகிறது.

அதனால் ஆயில் திரும்பும் குழாயைக் கழற்றுங்கள். அந்த ஆயில் இறங்குவது புவியீர்ப்பில் மட்டும்தான், பம்ப் கிடையாது. குழாய் எங்காவது மேலே ஏறி இறங்குகிறதா, நசுங்கியிருக்கிறதா, கேஸ்கெட்டில் தாராளமாகப் பூசிய சிலிக்கான் பசை பிதுங்கி வழியை மறிக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவதுதான் நான் அதிகம் பார்ப்பது. பசை பூசுவதில் நம் ஆட்களுக்குக் கை தாராளம். பால் பேரிங் டர்போவாக இருந்தால் ஆயில் வரும் வழியில் ஆயில் வரத்தைக் குறைக்கும் ரெஸ்ட்ரிக்டர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

குழாய் சுத்தமாக இருந்தால் இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு, ஆயில் ஊற்றும் வாயில் ஒரு மெல்லிய ரப்பர் கையுறையை மாட்டுங்கள். கையுறை விறைத்து எழுந்து நின்றால் கிராங்க்கேஸில் அழுத்தம் சேர்கிறது. பி.சி.வி. பாதை அடைத்திருக்கிறது, அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. எது என்பதை சிலிண்டருக்குள் காற்றடித்துக் கசிவைப் பார்க்கும் லீக் டவுன் சோதனை சொல்லிவிடும்.

மாஸ்டா ஆர்எக்ஸ்-7, எஃப்டி மாடல். 4,500 ஆர்.பி.எம்.மில் பூஸ்ட் விழுந்துவிட்டு எழுவதே இல்லை. இரண்டாவது டர்போ போய்விட்டதா? கம்ப்ரஷன் பார்த்ததில் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

இந்த காரில் முதலில் ஒரு டர்போ, 4,500 வாக்கில் இரண்டாவது வந்து சேர்ந்துகொள்ளும். நல்ல நிலையில் பூஸ்ட் கேஜின் முள் 10 பி.எஸ்.ஐ. காட்டி, மாறும் கணத்தில் 8க்கு இறங்கி, மறுபடி 10க்கு வந்துவிடும். இந்தக் கைமாற்றத்தை நடத்துவது சின்னச் சின்ன வாக்யூம் ஹோஸ்களும் சோலனாய்டுகளும் ஒருவழி வால்வுகளும்தான். அத்தனையும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒரு கூடு மாதிரி பின்னிக் கிடக்கும். இத்தனை வருடச் சூட்டில் அந்த ஹோஸ் அப்பளமாகியிருக்கும், மடக்கினால் ஒடியும். ஒவ்வொரு ஆக்சுவேட்டரையும் கை வாக்யூம் பம்ப் வைத்து இழுத்துப் பாருங்கள், பிடித்து நிற்க வேண்டும். ஹோஸை ஒன்றிரண்டாக மாற்றாதீர்கள். மேனிஃபோல்டைக் கழற்றியதுதான் கழற்றினீர்கள், மொத்தமாக சிலிக்கான் ஹோஸ் போட்டுவிடுங்கள். பழைய ஹோஸ் ஒவ்வொன்றையும் கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

கம்ப்ரஷன் விஷயத்தில் எனக்குச் சந்தேகம். இந்த காரில் இருப்பது பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி இன்ஜின்; ஒரு ரோட்டருக்கு மூன்று முகம். சாதாரண கேஜ் மூன்றில் அதிகமானதைப் பிடித்துவைத்துக்கொண்டு அதை மட்டும்தான் காட்டும். ஒரு முகம் செத்திருந்தாலும் தெரியாது. மூன்று முகத்தையும் தனித்தனியாகக் காட்டும் ரோட்டரி கேஜில் பார்க்கச் சொல்லுங்கள்.

காரை நிறுத்தியதும் இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டுமா?

வேகமாக ஓட்டி வந்து அப்படியே நிறுத்தினால் ஆம், ஒரு நிமிடமாவது. சூட்டில் தேங்கிய ஆயில் பேரிங்கில் கரியாகப் படியும். கடைசி சில நிமிடம் மெதுவாக ஓட்டி வந்திருந்தால் அதுவே போதும்.

எல்லாம் சரியாக இருக்கிறது. பூஸ்டைக் கொஞ்சம் ஏற்றலாமா?

இப்போது இருக்கும் பூஸ்டுக்கே பெட்ரோல் போதுமான அளவு வருகிறதா என்று பார்த்தீர்களா? பூஸ்ட் எவ்வளவு ஏறுகிறதோ, ஃப்யூயல் பிரஷரும் அவ்வளவு ஏற வேண்டும். அடிப்படை 3 பார் என்றால் 0.7 பார் பூஸ்டில் கேஜ் 3.7 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கலவையில் பெட்ரோல் குறையும், இன்ஜின் தட்டும், பிஸ்டன் உருகும். கேஜை மாட்டி ஓட்டிப் பாருங்கள். முள் 3லேயே நின்றுவிட்டால் ஃப்யூயல் பிரஷர் ரெகுலேட்டருக்கு இன்டேக்கிலிருந்து போகும் குட்டி ஹோஸை மாற்றுங்கள். பாதி ஏறி இறங்கினால் ஃபில்டரையும் பம்பையும் பாருங்கள். பூஸ்ட் பேச்சை அதற்கப்புறம் எழுதுங்கள்.